இடைக்கால இங்கிலாந்தின் விடுதலை எழுத்துகளைத் தேடுவோருக்கு ஹூஸ்டனின் இலவச ஆவணத் தளம்: ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் இடைக்கால நீதிமன்ற ஏடுகளைப் பார்க்க விரும்பும் ஒருவர் லண்டனுக்கு விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் எட்டிப் பார்க்க வேண்டிய இடம், விந்தையாக, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது. ஹூஸ்டன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் ஓ'க்வின் சட்ட நூலகம் வழியாக நடத்தப்படும் 'ஆங்கிலோ-அமெரிக்கன் லீகல் ட்ரெடிஷன்' என்னும் இணையத் தளம், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் உரிமம் பெற்று, அங்குள்ள தோல் ஏடுகளையும் சுருள்களையும் எவரும் கட்டணமின்றி, கணக்குத் தொடங்காமல் பார்க்கும்படி ஒளிப்படங்களாக வைத்திருக்கிறது. ராபர்ட் பாமர், எல்ஸ்பெத் பாமர், சூசான் ஜெங்க்ஸ் ஆகியோர் உருவாக்கிய இந்தத் தளத்தை ஆய்வாளர்கள் ஏ.ஏ.எல்.டி. என்று சுருக்கி வழங்குகிறார்கள். அதன் பரப்பு மிகப் பெரியது. முழுவதையும் மதிப்பிடும் தகுதி எனக்கு இல்லை. குவிட்கிளெயிம் என்ற ஒரே ஒரு வகை எழுத்தைத் தேடிப் படிக்க விரும்பும் சாதாரண வாசகருக்கு அது எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

ஒரு நிலத்தின் மீது தமக்கு உள்ள உரிமையையோ, தமக்கு இருக்கக்கூடும் என்று எதிர்த்தரப்பு அஞ்சும் உரிமையையோ, அந்த நிலத்தை ஏற்கெனவே சுவாதீனத்தில் வைத்திருப்பவருக்குச் சாதகமாக ஒருவர் அடியோடு விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலை எழுத்தே குவிட்கிளெயிம். கிரயப் பத்திரத்தில் விற்பவர் தமக்குச் சொந்தமான ஒன்றைக் கொடுக்கிறார். குவிட்கிளெயிம் எழுதுபவரோ தமக்கு ஏதேனும் சொந்தம் என்று சொல்வதுகூட இல்லை, இருந்தால் அது இனி இல்லை என்கிறார், அவ்வளவே. ஆகவே பிற்காலத்தில் மூன்றாமவர் வந்து நிலத்தைக் கேட்டால் எழுதிக்கொடுத்தவரைப் பிடிக்க முடியாது; அந்தப் பொறுப்பும் வேண்டும் என்று நினைத்தவர்கள் தனியாக ஓர் உத்தரவாத வாசகத்தைச் சேர்த்து எழுதி வாங்கினார்கள். நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் உடன்பிறந்தவர்கள் பூர்வீகச் சொத்தில் தங்கள் பங்கை ஒருவருக்கு விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம், ஆங்கிலேயச் சட்டத்தின் வழியாக இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பெறுபவருக்கு அந்தச் சொத்தில் ஏற்கெனவே ஒரு பிடிமானம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இரண்டுக்கும் பொது. 'எனக்கும் என் வாரிசுகளுக்கும் இனி யாதொரு பாத்தியதையும் இல்லை' என்று பத்திர எழுத்தர்கள் மனப்பாடமாக எழுதும் வரியைப் படித்துப் பழகியவருக்கு, பதின்மூன்றாம் நூற்றாண்டின் லத்தீன் வாசகம் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

இந்த எழுத்தை எழுதிக்கொடுத்தவர்களில் அரசர்களும் உண்டு. 1174-இல் அல்ன்விக்கில் சிறைபிடிக்கப்பட்ட ஸ்காட்லாந்து அரசன் வில்லியம், ஃபலேஸ் உடன்படிக்கையின்படி இங்கிலாந்து அரசனைத் தன் மேலரசனாக ஏற்க நேர்ந்தது. 1189 டிசம்பரில், சிலுவைப் போருக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்த முதலாம் ரிச்சர்ட் 10,000 மார்க் பெற்றுக்கொண்டு அந்த மேலுரிமையைக் கான்டர்பரியில் விட்டுக்கொடுத்தான். வரலாற்றாசிரியர்கள் அதைக் கான்டர்பரி குவிட்கிளெயிம் என்றே குறிப்பிடுகிறார்கள். மறுமுனையில், நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாளையும் அவனுடைய சந்ததி முழுவதையும் ஒரு நிலப்பிரபு மடாலயத்துக்கு விட்டுக்கொடுத்து எழுதிய ஏடுகள் இருக்கின்றன. மனிதர்கள் மேல் இருந்த உரிமையும் மேய்ச்சல் நிலத்தின் மேல் இருந்த உரிமையும் ஒரே வாய்பாட்டில் கைமாறின. ஏ.ஏ.எல்.டி. தளத்தில் நாம் அதிகமாகச் சந்திப்பது இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே வாழ்ந்த நிலக்காரர்களையும் வணிகர்களையும் அவர்களுடைய மனைவியரையும்தான்.

குவிட்கிளெயிமைத் தேடி வருபவர் தளத்தில் நேராகச் செல்ல வேண்டிய இடம், காப்பகத்தில் சி.பி. 25/1 என்று எண்ணிடப்பட்ட வரிசை. இதில் இருப்பவை 'ஃபைன்' எனப்பட்ட இறுதி உடன்பாடுகள். முதலாம் ரிச்சர்ட் காலம் தொடங்கி ஏழாம் ஹென்றி காலம் முடிய உள்ளவை. நிலத்தை வாங்குபவர், ஒப்பந்தத்தை நிறைவேற்றவில்லை என்று விற்பவர்மீது பெயரளவுக்கு ஒரு வழக்குத் தொடுப்பார்; பிறகு நீதிபதிகளின் அனுமதியோடு இருவரும் ராஜியாகிவிடுவார்கள்; அந்த ராஜி அரச நீதிமன்றத்தின் ஏட்டில் ஏறியதும் வாங்கியவருக்கு அதைவிட வலுவான சான்று வேறில்லை. சொத்தை மாற்றுவதற்கென்றே ராஜி டிக்ரி வாங்கும் தந்திரத்தை நம் ஊர் வழக்கறிஞர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே இந்தத் தந்திரம் சட்டத்தின் முழுச் சம்மதத்தோடு 1833-இல் நாடாளுமன்றம் ஒழிக்கும் வரை நடந்தது.

இந்த ஏடுகள் இவ்வளவு ஒழுங்காக நமக்குக் கிடைத்திருப்பதற்குக் காரணம் 1195 ஜூலையில் செய்யப்பட்ட ஓர் ஏற்பாடு. அன்றைய தலைமை நீதி நிர்வாகியும் கான்டர்பரிப் பேராயருமான ஹூபர்ட் வால்ட்டர் காலத்தில், உடன்பாட்டை ஒரே தோலில் மூன்று முறை எழுதி வெட்டும் முறை வந்தது. மேல் பாதியில் அருகருகே எழுதப்பட்ட இரண்டு பிரதிகள் இரு தரப்புக்கும் சென்றன. அடியில் குறுக்காக எழுதப்பட்ட மூன்றாவது பிரதி அரசனின் கருவூலத்தில் தங்கியது. அடியில் இருந்ததால் அதற்குப் பாதம் என்று பெயர். வெட்டு நேர்கோடாக இல்லாமல் அலை அலையாக வளைந்து செல்லும். பின்னாளில் எவரேனும் போலிப் பிரதி கொண்டுவந்தால் இரண்டு விளிம்புகளையும் பொருத்திப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். தரப்பினரிடம் சென்ற பிரதிகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. கருவூலத்துப் பாதங்கள் மாவட்டவாரியாகக் கோக்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் பிழைத்துக் கிடக்கின்றன.

தளத்தில் ஒரு பாதத்தின் படத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த அலை வெட்டுதான். மேல் விளிம்பு நெளிந்திருக்க, மற்ற மூன்று பக்கங்களும் ஏறத்தாழ நேராக இருக்கும்; கட்டாகக் கோப்பதற்குக் குத்திய துளையும் சில படங்களில் தெரியும். படத்தைப் பெரிதாக்கினால் தோலின் மயிர்க்கால் புள்ளிகளும், மை மங்கிய இடங்களும், எழுத்தர் அழித்து எழுதிய இடத்தின் சொரசொரப்பும்கூடப் புலப்படுகின்றன. அச்சிட்ட சுருக்கத்தைப் படிப்பவருக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்காது.

பழைய கையெழுத்தும் லத்தீனும் சேர்ந்து மிரட்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாசித்துப் பழகுவதற்குக் குவிட்கிளெயிமை விட எளிய இடைக்கால ஆவணம் கிடையாது. ஆள், ஊர், அளவு, தொகை ஆகிய நான்கைத் தவிர மற்றதெல்லாம் வாய்பாடு. தொடக்கம் எப்போதும் 'ஹேக் எஸ்த் ஃபினாலிஸ் கொன்கோர்தியா', அதாவது 'இது அரசர் பெருமானின் நீதிமன்றத்தில் செய்யப்பட்ட இறுதி உடன்பாடு'. பின்னர் ஆண்டு, தவணை (நீதிமன்றம் கூடும் பருவம்), நீதிபதிகளின் பெயர்கள், தரப்பினர், நிலத்தின் விவரம். அதன்பின், நிலம் எதிர்த்தரப்பின் உரிமையே என்று விட்டுக்கொடுப்பவர் ஒப்புக்கொண்டு, அதை 'ரெமிசித் எத் க்வியெதும் கிளமாவித்', தமக்காகவும் தம் வாரிசுகளுக்காகவும் என்றென்றைக்கும் விட்டொழித்தார் என்ற வரி வரும். எழுத்தர்கள் சொற்களின் வாலை விழுங்கிவிட்டு மேலே ஒரு கொக்கியைப் போட்டுவிடுவார்கள். க்வியெதும் என்பது பாதிச் சொல்லாகவும் வாரிசுகளைக் குறிக்கும் சொல் முக்கால் சொல்லாகவும் நிற்கும். ஆனால் ஒரு கட்டில் பத்துப் பதினைந்து ஏடுகளைப் புரட்டியதுமே, அந்த இரண்டு சொற்களும் எந்த வரியில் எந்த உருவத்தில் வரும் என்பது கண்ணுக்குப் பிடிபட்டுவிடுகிறது. அங்கிருந்து முன்னும் பின்னுமாக மற்றவற்றைப் படித்துவிடலாம்.

ஏட்டின் கடைசி வரி இன்னும் சுவையானது. இந்த ஒப்புதலுக்கும் விடுதலைக்கும் ஈடாக எதிர்த்தரப்பு என்ன கொடுத்தது என்பது அங்கேதான் இருக்கும். பெரும்பாலும் அது வெள்ளி மார்க் கணக்கில் இருக்கும். மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸுக்குச் சமமான கணக்கு அலகு, அப்படி ஒரு நாணயம் அங்கே புழக்கத்தில் இருந்ததில்லை. மூன்றாம் ஹென்றி, முதலாம் எட்வர்ட் காலத்து ஏடுகளில் பணத்துக்குப் பதிலாக 'ஓராண்டு நிரம்பாத ஒரு வல்லூறு' கொடுத்ததாக எழுதியிருப்பதை அடிக்கடி காணலாம். முதல் முறை பார்க்கும்போது அந்த வேட்டைப் பறவையை உண்மையாகவே கையில் ஏந்திக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு வந்தார்கள் போலும் என்று தோன்றும். அதே பறவை ஏடு தோறும் வந்து உட்காரும்போதுதான், பெயரளவுக்கு ஏதோ ஒன்று கொடுத்ததாகக் காட்ட எழுதப்பட்ட வழக்கச் சொல் அது என்பது விளங்குகிறது. பிற்காலத்தில் மார்க் தொகைகளும் இப்படியே சடங்காகிவிட்டன. எனவே இந்த ஏடுகளை வைத்து நிலத்தின் விலையைக் கணக்கிட முயல்பவர்கள் ஏமாந்து போவார்கள். தளம் அந்த எச்சரிக்கையை எங்கும் தரவில்லை.

பெண்களின் பெயர்கள் இவ்வளவு அதிகமாக வரும் இடைக்கால ஆவண வகைகளும் குறைவு. திருமணமான பெண்ணின் நிலத்தைக் கணவன் விற்றுவிட்டால், அவன் இறந்தபின் அவள் வந்து கேட்கலாம்; கணவனுடைய சொந்த நிலமாக இருந்தாலும் விதவைக்கு அதில் பங்கு உண்டு. இந்த வில்லங்கத்தை முளையிலேயே கிள்ள வாங்குபவர்கள் ஃபைன் முறையைத்தான் விரும்பினார்கள். காரணம், நீதிபதி அந்தப் பெண்ணைக் கணவனிடமிருந்து தனியாக அழைத்து, சொந்த விருப்பத்தின் பேரில்தான் விட்டுக்கொடுக்கிறாளா என்று கேட்க வேண்டும். கேட்டுப் பதிவான பிறகு அவளும் அவள் வாரிசுகளும் திரும்ப முடியாது. தனி விசாரணை எவ்வளவு மெய்யான பாதுகாப்பாக இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வெளியே காத்து நிற்கும் கணவனோடுதானே அவள் வீடு திரும்ப வேண்டும்.

இனி குறைகளுக்கு வருகிறேன். தளத்தின் முகப்பு, இணையம் பரவத் தொடங்கிய நாட்களில் கட்டப்பட்டது போல, வெறும் அட்டவணைகளும் நீலநிற இணைப்புகளுமாக இருக்கிறது. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. பளபளப்பான பக்கங்களை விட அது விரைவாகத் திறக்கிறது. உண்மையான இடையூறு, பெயரையோ ஊரையோ இட்டு ஏடுகளுக்குள் தேடும் வசதி அறவே இல்லை என்பதுதான். அரசன், ஆட்சியாண்டு, தவணை, நீதிமன்ற வரிசை என்று படிப்படியாக உள்ளே இறங்க வேண்டும். இறங்கினால் சிறு படங்களின் நீண்ட வரிசை ஒன்று வரும். ஒவ்வொன்றுக்கும் கேமரா இட்ட கோப்பு எண்தான் பெயர். அந்த எண்ணுக்கும் ஏட்டின் எண்ணுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பொது வழக்குமன்றச் சுருள்களில், அதாவது சி.பி. 40 வரிசையில், முன்புறப் படங்கள் ஒரு கோப்பிலும் பின்புறப் படங்கள் வேறொரு கோப்பிலும் இருப்பதால், ஒரே வழக்கு தோலின் மறுபக்கத்துக்குத் தொடரும்போது கோப்பை விட்டுக் கோப்புக்குத் தாவி, மறுமுனையில் சரியான படத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு தவணை, தவணைக்கு நூற்றுக்கணக்கான தோல்கள் என்று விரியும் வரிசை அது.

ஆவணக் காப்பாளர் இல்லாத பதிவறைக்குள் நம்மைத் தனியாக விட்டுவிட்டுப் போனது போன்ற நிலைதான் இது. எல்லாக் கட்டுகளும் திறந்திருக்கின்றன. எது எங்கே என்று சொல்ல ஆளில்லை. இதற்கு மாற்றாகத் தன்னார்வலர்கள் எழுதிச் சேர்க்கும் விக்கி ஒன்றைத் தளத்தினரே தொடங்கியிருக்கிறார்கள். சில சுருள்களுக்கு அதில் தரப்பினர் பெயர்ப் பட்டியலே இருக்கிறது. வேறு பலவற்றுக்கு ஒன்றும் இல்லை. குவிட்கிளெயிம் தேடுபவருக்கு அதைவிடப் பெரிய துணை, 'மெடீவல் ஜீனியாலஜி' என்ற தனியார் தளத்தில் உள்ள ஃபைன் சுருக்கங்கள். மாவட்டம், நாள், தரப்பினர், சொத்து, உடன்பாடு, ஈடாகக் கொடுத்த தொகை என்று ஒவ்வொரு ஏட்டையும் ஆங்கிலத்தில் பிரித்துத் தந்து, பல ஏடுகளுக்கு ஏ.ஏ.எல்.டி. படத்துக்கு நேரடி இணைப்பும் கொடுத்திருக்கிறார்கள். பழைய எழுத்தில் உள்ள ஊர்ப் பெயருக்கு இன்றைய பெயர் என்ன என்பதும் அங்கே கிடைக்கும். சுருக்கத்தை ஒரு சாளரத்திலும் படத்தை இன்னொன்றிலும் திறந்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிப்பதுதான் இந்தச் சேவையை அனுபவிக்கச் சிறந்த வழி. ஆசிரியர் இல்லாமலே பழைய கையெழுத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான ஏற்பாட்டை நான் அறியேன்.

படங்களின் தரம் சீராக இல்லை. பெரும்பாலானவை தெளிவாக இருக்கின்றன. சுருண்ட ஓரங்கள் நிழலில் மறைந்தவை, நனைந்து கறுத்த தோல்கள், பக்கத்து ஏடு மேலே ஏறி முதல் வரியை மறைத்தவை ஆகியவையும் உண்டு. இவற்றில் பாதிக்கு ஒளிப்படம் எடுத்தவர்கள் பொறுப்பல்லர். எழுநூறு ஆண்டு பழைய தோல் அப்படித்தான் இருக்கும். கைப்பேசியில் பார்க்க முயல்வது வீண் வேலை. பெரிய திரையும் பொறுமையும் வேண்டும்.

கட்டணம் வாங்கும் சேவைகளைப் பற்றியும் ஒரு சொல். குடும்ப வரலாறு தேடித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்திடம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒரு ஃபைன் ஏட்டின் முழு வாசகத்தையும் எழுத்துப்பெயர்த்துத் தரும்படி பணம் கட்டிக் கேட்டேன். வந்து சேர்ந்தது, எப்போதோ அச்சான சுருக்கம் ஒன்றின் தட்டச்சுப் பிரதி. விட்டுக்கொடுத்த வாசகம் அதில் 'உரிமை விடுவிக்கப்பட்டது' என்று இரண்டு சொல்லில் முடிந்திருந்தது. உத்தரவாத வாசகம் உண்டா இல்லையா என்பதே தெரியவில்லை. அந்த உத்தரவாதம்தான் விட்டுக்கொடுப்பவர் நிலத்துக்கு உண்மையான உரிமையாளராக இருந்தாரா, வெறுமனே தொல்லை கொடுக்கக்கூடிய ஒருவரா என்பதை ஊகிக்க உதவும் முதல் தடயம். இலவசப் படத்தில் அது ஒரு முழு வரியாகக் கிடந்தது.

ஏ.ஏ.எல்.டி. தராதவையும் உண்டு. நீதிமன்றத்துக்குப் போகாமல், ஊரில் சாட்சிகள் முன்னிலையில் எழுதி முத்திரையிட்ட தனியார் குவிட்கிளெயிம்கள் ஆயிரக்கணக்கில் கியூவில் இருக்கின்றன. ஈ 40, சி 146 போன்ற 'பழம் பத்திர' வரிசைகளில் உள்ள அவற்றைப் பார்க்கக் காப்பகத்தின் 'டிஸ்கவரி' பட்டியலைத்தான் நாட வேண்டும். 'இந்த எழுத்தைக் காணும் கிறிஸ்துவின் விசுவாசிகள் அனைவருக்கும்' என்று தொடங்கி, விட்டேன், தளர்த்தினேன், முற்றாக விடுவித்தேன் என்று மூன்று வினைகளை அடுக்கி, இனி எவ்வித வழக்கிலிருந்தும் நானும் என் வாரிசுகளும் என்றென்றும் விலக்கப்பட்டவர்களாக இருப்போமாக என்று முடியும் பத்திரங்கள் அவை. நிலத்தைக் கையில் கொடுத்த சாசனம் ஒன்றும், சில நாள் கழித்து அதே ஆள் எழுதிய குவிட்கிளெயிம் ஒன்றும் இணையாக வருவது அங்கே வழக்கம். முதலாவது சுவாதீனத்தை மாற்றியது. இரண்டாவது, பின்னாளில் வாய் திறக்க முடியாதபடி கட்டியது. டிஸ்கவரியில் சொல்லை இட்டுத் தேடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் பழைய அச்சுப் பட்டியலின் வாசகங்கள் பலவும் அப்படியே ஏறியிருப்பதால், ஒரே வகைப் பத்திரம் ஓரிடத்தில் குவிட்கிளெயிம் என்றும் வேறிடத்தில் ரிலீஸ் என்றும் வரும். இரண்டு சொற்களாலும் தேட வேண்டும்.

கியூவுக்கு நேரில் செல்லும் வாய்ப்பு உள்ளவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்டினால் வாசகர் சீட்டு இலவசம்; வெளிநாட்டவருக்கும் அப்படியே. பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். சொந்தக் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளலாம். தளத்தில் கிடைக்கும் ஃபைன் ஏடுகளுக்காக அங்கே நேரத்தைச் செலவிடுவது வீண். முத்திரையோடு தொங்கும் தனிப் பத்திரங்களைத்தான் கேட்க வேண்டும். உள்ளங்கை அளவு தோலில் அடிப்பக்கத்தை மடித்து, மடிப்பில் கீறி, அதன் வழியே தோல் நாடாவை நுழைத்து, நாடாவின் நுனியில் மெழுகை அழுத்தியிருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நிலக்காரனும் தனக்கென்று ஒரு முத்திரை வைத்திருந்தான் என்பதை, பூவோ நட்சத்திரமோ பொறித்த அந்த மெழுகுக் கட்டி காட்டும் அளவுக்கு எந்தத் திரைப் படமும் காட்டாது.

மூல ஏட்டையே பார்ப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது, சுருக்கமே போதாதா என்று கேட்பவர்களுக்கு, ஆங்கில இலக்கிய உலகில் மிக அதிகமாக விவாதிக்கப்பட்ட விடுதலை எழுத்தை எடுத்துக்காட்டுவேன். 1380 மே 1-ஆம் தேதியிட்டு, காலஞ்சென்ற வில்லியம் சாம்பெயினின் மகள் சிசிலி, கவிஞர் ஜெஃப்ரி சாசருக்கு எழுதிக்கொடுத்து, மே 4-இல் அரச செயலகத்தின் குளோஸ் ரோல் சுருளின் பின்புறத்தில் பதிவான எழுத்து அது. தனியார் பத்திரங்களை அரச சுருளின் பின்புறத்தில் பதிந்து வைப்பது அக்காலத்தில் பதிவு அலுவலகத்துக்கு ஈடான ஏற்பாடு. 'என் ராப்டஸ் குறித்தும் வேறு எந்தக் காரியம் குறித்தும்' சாசர்மீது தனக்கு உள்ள எல்லா வழக்குரிமையையும் விட்டுவிட்டதாக அவள் அதில் சொல்கிறாள். அரசவைப் பிரமுகர் வில்லியம் பீச்சம், லண்டன் வணிகர் ஜான் ஃபிலிப்பாட் போன்ற பெரிய இடத்து மனிதர்கள் சாட்சிகள். 1873-இல் அறிஞர் ஃபிரெடரிக் ஃபர்னிவால் இதை வெளியிட்டதிலிருந்து, பாலியல் வன்கொடுமையா, ஆளைக் கடத்தியதா என்ற விவாதம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. அந்த லத்தீன் சொல் இரண்டுக்கும் பொருந்தும்.

விடுதலை எழுத்தின் இயல்பே இதுதான். என்ன வழக்கு இருந்தது என்பதை அது சொல்லத் தேவையில்லை. இனி இல்லை என்று சொன்னால் போதும். ஆகவே விடை அந்த எழுத்துக்கு வெளியே, நீதிமன்றத்தின் மற்ற ஏடுகளில்தான் இருக்க முடியும். 1993-இல் ஆய்வாளர் கிறிஸ்டஃபர் கேனன், அதே விடுதலை சில நாட்களுக்குள் அரசமன்றச் சுருளில் மீண்டும் பதிவாகியிருப்பதையும், அங்கே சர்ச்சைக்குரிய அந்தச் சொல் மட்டும் காணாமற்போயிருப்பதையும் எடுத்துக்காட்டினார். 2022-இல் தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த யூவன் ரோஜரும் பேராசிரியர் செபாஸ்டியன் சோபெக்கியும் வெளியிட்ட ஏடுகள் கதையையே திருப்பிப் போட்டன. 1379 அக்டோபரில் தாமஸ் ஸ்டாண்டன் என்பவர், தம்மிடம் வேலை பார்த்த சிசிலி தம்மை விட்டுப் போனதற்காக, தொழிலாளர் சட்டத்தின்கீழ் சிசிலியையும் சாசரையும் சேர்த்தே பிரதிவாதிகளாக்கியிருந்தார். இருவரும் எதிரெதிர்த் தரப்பினர் என்று நூறாண்டுகளுக்கு மேல் எண்ணப்பட்டவர்கள், அந்த வழக்கில் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். அந்த விடுதலை எழுத்து, வேலைக்காரியை முதலாளியிடமிருந்து அபகரித்ததாகச் சாசர்மீது வந்த குற்றச்சாட்டைத் தீர்க்க எழுதப்பட்டதாக இருக்கலாம் என்ற வாசிப்பு இப்போது வலுப்பெற்றிருக்கிறது. எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. என் பார்வையிலும் சில முடிச்சுகள் மிச்சமிருக்கின்றன. சாசரோடு தொடர்புடைய ஜான் க்ரோவ் என்பவர் அதே ஆண்டு ஜூலையில் சிசிலிக்கு 10 பவுண்டு தருவதாக எழுதிக்கொடுத்தது ஏன் என்பது அவற்றில் ஒன்று.

இந்தச் சாசர் விவகாரத்துக்கும் ஹூஸ்டன் தளத்துக்கும் உள்ள தொடர்பு எளியது. ஒரு விடுதலை எழுத்தைச் சுற்றி, வழக்குச் சுருள்களில் வேறு என்னென்ன நடந்தது என்பதைத் தேடிப் பார்க்கும் வாய்ப்பை, காப்பகத்துக்கு நேரில் செல்லக்கூடிய சிலரிடமிருந்து எல்லோருக்கும் விரித்தது இத்தகைய படக் களஞ்சியங்கள்தான். அரசமன்றச் சுருள்களும் பொது வழக்குமன்றச் சுருள்களும் அதில் வரிசை வரிசையாக இருக்கின்றன. தேடும் வசதி இல்லாத குறை இங்கே ஒரு விதத்தில் நன்மையாகவும் முடிகிறது. தேடிய வழக்கைக் கண்டுபிடிப்பதற்குள் பக்கத்து வழக்குகள் பலவும் கண்ணில் பட்டுவிடுகின்றன. சட்ட வரலாற்று மாணவர்களுக்கும், குடும்பப் பெயர்களின் வழி தேடுபவர்களுக்கும், பத்திரங்களோடு நாள்தோறும் புழங்கும் நம் ஊர் வழக்கறிஞர்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஒரு பெயரை இட்டவுடன் விடை வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்றதன்று.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: முதலாம் எட்வர்ட் முதல் மூன்றாம் எட்வர்ட் வரையுள்ள ஃபைன் கட்டுகள். அந்தக் காலத்து எழுத்தர்களின் கையெழுத்து ஒழுங்கானது, வாய்பாடும் அதற்குள் நிலைபெற்றுவிட்டது. பிற்காலம் என்றால் மொழி எளிதாகும் என்று நம்பி பதினாறாம் நூற்றாண்டுக்குத் தாவ வேண்டாம். கிராம்வெல் காலத்துச் சில ஆண்டுகளைத் தவிர 1733 வரை நீதிமன்ற ஏடுகள் லத்தீனில்தான் இருந்தன. கையெழுத்து மட்டும் மேலும் மோசமாகிக்கொண்டே போயிற்று.